காசு கொடுத்தும் பயப்பட விடவில்லை

அந்தப் பேய்ப்படத்தைப் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் ஆறவில்லை. எழுதினால்தான் ஆறும் போலிருக்கிறது.

'கான்ஜுரிங்' என்கிற ஆங்கிலப் பேய்ப்பட வரிசையின் கடைசிப் படம் 'லாஸ்ட் ரைட்ஸ்' 2025 செப்டம்பர் 5 அன்று வந்தது. முதல் படம் 2013. நடுவில் பன்னிரண்டு வருஷம். அதற்குள் நான் கல்லூரியை முடித்து, இரண்டு கம்பெனி மாறி, இரண்டும் ஒத்துவராமல் ஊருக்கே திரும்பி, அப்பாவோடு குறுவை, சம்பா என்று இறங்கிவிட்டேன். தலையில் முன்பக்கம் காலி. திரையில், மனைவி லொரைனோடு சேர்ந்து பேயோட்டுகிற எட் வாரனுக்கும் வயதாகி, இதயக் கோளாறு வந்து, பேயோட்டுவதைக் குறைத்துக்கொண்டார். பார்த்துப் பார்த்து அவரும் லொரைனும் எனக்குப் பெரியப்பா பெரியம்மா மாதிரி ஆகிவிட்டார்கள். அந்த இரண்டு பேரையும் ஒழுங்காக வழியனுப்பி வைக்க இரண்டே கால் மணி நேரம் வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

அன்று வெள்ளிக்கிழமை, மீலாது நபி விடுமுறை. அதே நாளில் சிவகார்த்திகேயன் படமும் ரிலீஸ். நான் போன கும்பகோணம் தியேட்டரில் பெரிய ஸ்கிரீன் அவருக்குப் போய்விட்டது. பேய்க்குச் சின்ன ஸ்கிரீன், இரவு பத்தே கால் காட்சி. அதில் எனக்கு வருத்தமில்லை. பேய்ப்படத்தைப் பகலில் பார்க்கிறவன் நான் இல்லை.

ஆனால் அந்த ராத்திரி எனக்குச் சும்மா கிடைத்த ராத்திரி இல்லை. எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். மேட்டூரை ஜூன் 12இல் திறந்து தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்குள் போர்வெல் தண்ணீரில் முந்தி நட்டுவிட்டோம். அதனால் முந்தியே அறுத்தும் விட்டோம். நெல் கொள்முதல் நிலையத்துக் களத்தில் கிடந்தது. ஈரம் 17 சதவீதத்துக்குள் வந்தால்தான் எடுப்பார்கள். பகலெல்லாம் காயவைத்து, சாயங்காலம் குவித்து, படுதா போட்டு மூடி, ராத்திரி ஒருவர் காவல் படுக்க வேண்டும். அன்று என் முறை. அப்பாவிடம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். "போய்ட்டு வா, நான் படுத்துக்கறேன். அந்தப் பேயி உன்ன விட்டுச்சின்னா ஒண்ணு ஒண்ணரைக்குள்ள வந்துடு" என்றார். அறுபத்து நாலு வயது மனுஷனை நெல் மூட்டைக்கு நடுவில் படுக்க வைத்துவிட்டுப் போன படம் இது. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் படத்தைப் பார்த்தது தஞ்சாவூரில், கல்லூரி நண்பனோடு. அதில் ஒரு கைதட்டல் விளையாட்டு வரும், ஞாபகம் இருக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு தேட வேண்டும். ஒளிந்திருப்பவர்கள் கைதட்டிக் காட்ட வேண்டும். அம்மா கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறாள். அலமாரிக்குள்ளிருந்து கை மட்டும் நீண்டு, டப் டப். அப்புறம் நிலவறையில் தீக்குச்சி வெளிச்சத்தில் அவள் முகத்துக்குப் பக்கத்தில் மறுபடியும் டப் டப். அந்தச் சத்தத்துக்குச் சற்று முன்னால் பாட்டு இல்லை, பின்னணி இசை இல்லை, ஒன்றும் இல்லை. அன்று அந்தத் தியேட்டரில் மேலே ஓடுகிற ஃபேனின் கறகற சத்தம் கேட்டது. அத்தனை பேரும் மூச்சை அடக்கியிருந்தோம். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மீசைக்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டார்.

பேய்ப்படத்தில் நாம் காசு கொடுப்பது அந்த அரை நிமிஷத்துக்குத்தான். பேய் வந்த பிறகு என்ன, மேக்கப் போட்ட ஒரு ஆள். வருவதற்கு முந்தின அமைதியில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் படத்தை எடுத்த ஜேம்ஸ் வானுக்கு அது தெரியும். அந்த அமைதியை அவர் மட்டும் உண்டாக்க முடியாது, பார்க்கிற முந்நூறு பேரும் சேர்ந்து வாயை மூடினால்தான் உண்டு. இது நம்மாட்களுக்குத் தெரியவில்லை.

முதல் படம் பார்த்த அன்று ராத்திரி கடைசி பஸ்ஸில் இறங்கி வாய்க்கால் கரையோடு ஒண்ணரை கிலோமீட்டர் நடந்தேன். கொள்ளிவாய்ப் பிசாசு என்பது சேற்றிலிருந்து கிளம்புகிற மீத்தேன் வாயு தீப்பற்றுவது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். (அந்த மீத்தேனை எடுக்கக் குழாய் போட வருகிறார்கள் என்று டெல்டாவே நடுங்கியது வேறு கதை. அந்தப் பயம் 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் வந்த பிறகுதான் கொஞ்சம் அடங்கியது.) எந்த விஞ்ஞானமும் அன்று கைகொடுக்கவில்லை. தவளை கத்துவதை நிறுத்தினால் நானும் நின்றேன். வீட்டுக்கு வந்து அம்மாவை எழுப்பி, தண்ணீர் வேண்டும் என்று பொய் சொன்னேன்.

அந்தப் பயம் மறுபடியும் வேண்டும் என்றுதான் போனேன்.

கேட்டிலேயே ஆரம்பித்தது. என் பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலையும் வீட்டில் சுட்ட முறுக்கையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். எனக்குப் பின்னால் அம்மா இடுப்பில் உட்கார்ந்து ஒரு ஐந்து வயதுப் பையன் வந்தான். அவனை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. படம் 'ஏ' சான்றிதழ். 2023இல் சட்டத்தைத் திருத்தி, ஏழு வயதுக்கு மேல், பதின்மூன்றுக்கு மேல், பதினாறுக்கு மேல் என்று யு/ஏவையே மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முறுக்கு உள்ளே போகக் கூடாது, குழந்தை போகலாம். அந்தப் பிள்ளை பாவம், படம் முழுக்க "அம்மா, அது ஏன் அப்டிப் பாக்குது? அம்மா, போலாம்மா" என்று அழுதுகொண்டே இருந்தது. பக்கத்திலிருந்த பாட்டி, "அது சும்மா பொம்மைடா தங்கம்" என்று ஸ்கிரீனைக் காட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தார். பிள்ளை மேல் எனக்கு ஒரு துளி கோபம் இல்லை. பெற்றவர்களுக்கும் கேட்டில் நின்றவருக்கும் இன்னும் இருக்கிறது.

அடுத்தது வெளிச்சம். டிஜிட்டல் சினிமாவுக்குத் திரையில் 14 ஃபுட்-லாம்பர்ட் வெளிச்சம் இருக்க வேண்டும் என்று ஒரு அளவு உண்டு. புரொஜெக்டரில் இருக்கிற பழைய செனான் லேம்ப் மணிக்கணக்கு ஏற ஏற மங்கிக்கொண்டே வரும். மாற்றச் செலவாகும், அதனால் இழுக்கிற வரைக்கும் இழுப்பார்கள். குத்துப்பாட்டுக்கு இது தெரியாது. இந்தப் படங்களோ இருட்டில் ஒளித்து வைத்து மிரட்டுகிற படங்கள். இரண்டாவது படத்தில் எட் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, பின்னால் பேய் பிடித்த சிறுமி மங்கலாகத் தெரிந்துகொண்டே பேசுவாள், வெட்டே இல்லாமல் நீண்டுகொண்டு போகும். அந்த மங்கலில்தான் விஷயமே. நான் பார்த்த திரையில் கடைசிப் படம் பாதி நேரம் கரும்பலகை. பேய் எந்த மூலையில் நிற்கிறது என்று கண்ணைச் சுருக்கித் தேடுகிறவனுக்கு எங்கிருந்து பயம் வரும்?

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பின்வரிசைப் பையன்கள்தான் என்னைக் கொன்றார்கள்.

ஏழெட்டுப் பேர். பெயர் போட்டதும் ஒருவன் முதல் படத்து ஞாபகத்தில் டப் டப் என்று இரண்டு தடவை கைதட்டினான். சிரிப்பு வந்தது. பழைய ரசிகன் போலிருக்கிறது என்று சந்தோஷம்கூடப் பட்டேன். அதுதான் தப்பு. அப்புறம் படத்தில் எப்போதெல்லாம் அமைதி வருகிறதோ அப்போதெல்லாம் டப் டப். பென்சில்வேனியாவில் 1986இல் ஸ்மர்ல் குடும்பம், வீட்டில் ஒரு பழைய கண்ணாடி, ராத்திரி, மாடிப்படி, யாரோ நடக்கிற மாதிரி... டப் டப். உடனே எட்டுப் பேரும் 'ஓ'வென்று ஊளை. நான் எண்ண ஆரம்பித்தேன். பதினேழோடு விட்டுவிட்டேன்.

எனக்கு நேர் முன்னால் ஒரு தம்பி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடியோ கால். இந்தப் பக்கம் மஞ்சள் வெளிச்சத்தில் அவன் முகம், அந்தப் பக்கம் பனியனோடு படுத்திருக்கிற ஒருவர். "மாமா, இந்தா இந்தா, இப்ப வரும் பாருங்க" என்று நேரடி வர்ணனை. தட்டி, "தம்பி, போனைக் கொஞ்சம் இறக்குங்க" என்றேன். "ஒரு நிமிஷம்ணே, மாமா சிங்கப்பூர்ல இருக்காரு, முழிச்சிக்கிட்டு இருக்காருண்ணே" என்றான். அங்கே அப்போது மணி ஒன்றரை இருக்கும். டார்மிட்டரியில் பத்துப் பேர் தூங்க, அந்த மனுஷன் ஊர்த் தியேட்டரைக் கைக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறார். தஞ்சாவூரில் என்னோடு முதல் படம் பார்த்தவனும் இப்போது அங்கேதான் இருக்கிறான். அவனைக் கூப்பிட எனக்கும் கை துறுதுறுத்தது, நான் கூப்பிடவில்லை. அந்த மாமாவை நினைத்தால் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததால் திட்டவும் முடியவில்லை. அதுவே இன்னும் எரிச்சல்.

இடைவேளை. இந்தப் படங்களுக்கு இடைவேளை கிடையாது, ஆப்பரேட்டர் தன் இஷ்டத்துக்கு வெட்டுவார். எட் வாரனின் மகள் ஜூடி கல்யாண உடை போட்டுப் பார்க்கப் போகிறாள். சுற்றிலும் கண்ணாடி, கண்ணாடிக்குள் கண்ணாடி, வரிசையாக அவளே அவள். எனக்குக் கழுத்துக்குப் பின்னால் மயிர் எழும்ப ஆரம்பித்தது. அன்று ராத்திரி முதல் தடவையாக. பின்வரிசைகூட அடங்கியிருந்தது. அந்த இடத்தில் நிறுத்தினார்கள். லைட் போட்டார்கள். "பாப்கார்ன் பெரியது வாங்கினால் கூல்டிரிங்க்ஸ் இலவசம்." திரும்ப ஆரம்பித்தபோது பாதிக் கூட்டம் வெளியில், கதவு திறக்கத் திறக்க கேன்டீன் டியூப்லைட் வெளிச்சம் கண்ணாடிமேல் அடித்தது. ஜூடிக்கு என்ன ஆனது என்பதை நான் வெஜ் பஃப் வாசனையோடு பார்த்தேன்.

மறுநாள் சென்னை மச்சானிடம் புலம்பினால், "நம்மூர் சனம் அப்டித்தான் மாப்ள, மல்டிபிளெக்ஸுக்குப் போ" என்கிறான். ஒத்துக்கொள்ள மாட்டேன். 'லாஸ்ட் ரைட்ஸ்' என்ற படத்தின் பெயருக்கே சாகக் கிடப்பவருக்குச் செய்கிற கடைசிச் சடங்கு என்று அர்த்தம். எங்கள் வலங்கைமான் மாரியம்மன் கோயிலில் பங்குனியில் பாடைக்காவடி எடுப்பார்கள். சாகக் கிடந்து பிழைத்தவர்கள் வேண்டிக்கொண்டு, உயிரோடு பாடையில் படுப்பார்கள். முன்னால் ஒருவர் தீச்சட்டி ஏந்தி நடக்க, நான்கு பேர் தூக்கி வருவார்கள். எங்கள் அத்தை படுத்தபோது எனக்குப் பத்து வயது. நெற்றியில் காசு, கண்மூடிக் கிடக்கிறார். காலையில் எனக்கு இட்லி வைத்துக் கொடுத்தவர். பறைச் சத்தத்துக்கு நடுவிலும் சுற்றி நின்ற ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை, ஒருவரும் பேசவில்லை. பயம் என்றால் அதற்கு ஒரு மரியாதை உண்டு என்பது எங்கள் ஊருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த ஊர் ஏன் டிக்கெட் வாங்கியதும் மறந்துபோகிறது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

கடைசியில் ஜூடி கல்யாணம். பழைய படங்களில் பேயிடம் மாட்டித் தப்பித்தவர்களில் சிலர் விருந்தாளிகளாக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஜேம்ஸ் வானே கூட்டத்தில் ஒருவராக வருகிறார். எனக்குத் தொண்டை அடைத்தது. "அண்ணே, கொஞ்சம் காலை எடுங்க" என்று என் முழங்காலைத் தாண்டி வரிசை முழுக்க வெளியேறிக்கொண்டிருந்தது, பார்க்கிங்கில் வண்டி எடுக்க. பெரியப்பா பெரியம்மாவை நான் கடைசியாகப் பார்த்தது இரண்டு பேருடைய இடுப்புக்கு நடுவில். எழுத்து ஓட ஆரம்பித்ததும் லைட்டைப் போட்டு, திரையை அணைத்து, விளக்குமாறோடு ஒரு அக்கா வந்துவிட்டார். இந்தப் படங்களில் கடைசி எழுத்தோடுதான் நிஜ மனிதர்களின் படத்தைக் காட்டுவார்கள். நிஜ எட் 2006இலும் நிஜ லொரைன் 2019இலும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் முகத்தையாவது காட்டியிருக்கலாம். "சார், அடுத்த ஷோ இல்ல சார், ஆனா நாங்க வீட்டுக்குப் போவணும்ல" என்றார் அந்த அக்கா. அவர் சொல்வதும் நியாயம்தான், என்ன செய்ய.

அப்புறம் இன்னொரு வேடிக்கை. கடைசி, கடைசி என்று சொல்லித்தானே கூப்பிட்டார்கள்? வசூல் கொட்டியதும், இதற்கெல்லாம் முந்தின கதையை எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி. நான் தொண்டை அடைத்து நின்றதற்கு என்ன மரியாதை?

ஒண்ணரைக்குக் களத்துக்கு வந்தேன். அப்பா தூங்காமல் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "எப்படிடா இருந்துச்சு?" "பயமாவே இல்லப்பா." "அதுக்கா இம்மாந் தூரம் போனே" என்று துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு படுத்தவர், ஐந்து நிமிஷத்தில் குறட்டை. தூரத்து வயலில் அறுவடை மிஷின் விளக்கும் அணைந்துவிட்டது. மூட்டைகள் வரிசையாக, ஆள் உயரத்துக்கு. காற்று நின்றது. தவளையும் நின்றது. ஃபேன்கூட இல்லாத அமைதி.

படுதா ஓரத்தில் கல் வைக்காமல் விட்ட இடம் ஒன்று இருந்திருக்கிறது.

டப் டப்.

அப்பாவை எழுப்பிவிட்டேன். "என்னடா?" என்று பதறினார். "ஒண்ணுமில்லப்பா, மழை வர்ற மாதிரி இருந்துச்சு" என்றேன்.