11 மாமாக்களும் ஒரு புது டீச்சரும்

போன செவ்வாய் ராத்திரி ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி. இந்த ஜனவரியில் தமிழ் டீச்சராகச் சேர்ந்த பெண். "அக்கா, கிரேட் டூவுக்கு உறவுமுறைப் பாடம் எடுத்தேன். 'மாமா'ன்னு எழுதிப் படம் வரையச் சொன்னா, 11 பேர்ல 9 பேர் அவங்க அம்மாவை வரைஞ்சு வச்சிருக்காங்க. நான் என்னக்கா தப்பு பண்ணினேன்?" குரல் உடைந்திருந்தது.

அவள் ஒரு தப்பும் பண்ணவில்லை. எங்கள் மொரீஷியஸ் பிள்ளைகளுக்கு வீட்டில் பேச்சு, பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. கிரியோலில் 'மாமா' என்றால் அம்மா. 22 வருஷத்துக்கு முன்னால் நானும் இதே பள்ளத்தில்தான் விழுந்தேன். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இலக்கணம் படித்தோம், பாடக்குறிப்பு எழுதப் பழகினோம். இது மட்டும் எந்தக் குறிப்பிலும் இல்லை. ஏற்கெனவே விழுந்து எழுந்த இன்னொரு தமிழ் டீச்சருக்குத்தான் இது தெரியும். அவரோ வேறு பள்ளியில் இருப்பார்.

மொரீஷியஸில் தொடக்கப் பள்ளித் தமிழ் டீச்சரின் நிலைமை வெளியில் பலருக்குத் தெரியாது. மொழிப் பாடவேளை வந்ததும் வகுப்பு பிரியும். இந்தி ஒரு பக்கம், உருது ஒரு பக்கம், தெலுங்கு, மராத்தி, 2012 முதல் கிரியோலும். நாம் நம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காலி அறை தேடிப் போகவேண்டும். நூலக அலமாரிக்குப் பின்னால் ஒரு வருஷம் முழுக்கப் பாடம் எடுத்திருக்கிறேன். அந்தப் பள்ளியில் தமிழ் படிக்கத் தெரிந்த பெரியவர் நான் ஒருத்திதான்.

என் முதல் ஹெட் டீச்சர் தங்கமான மனிதர். வகுப்பைப் பார்க்க வந்தார், பின் வரிசையில் கைகட்டி உட்கார்ந்தார், "போர்டு கையெழுத்து அழகாக இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று பதற்றத்தில் நான் போட்டிருந்த தலைப்பு 'எங்கள் பல்லி'.

அதனால்தான் 'பள்ளியிலேயே மூத்தவர் ஒருவரை வழிகாட்டியாகப் போட்டால் போதும்' என்பவர்களோடு எனக்கு ஒத்துவருவதில்லை. அமெரிக்காவில் ரிச்சர்ட் இங்கர்சாலும் தாமஸ் ஸ்மித்தும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், தன் பாடத்தையே எடுக்கும் வழிகாட்டி கிடைத்த புது ஆசிரியர்கள் முதல் வருஷ முடிவில் வேலையை விடுவது ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. வேறு பாடக்காரர் வழிகாட்டியானால் அந்த அளவு பலன் தெரியவில்லை. நம் தமிழ் டீச்சர்களுக்கு வேறு பாடக்காரரைத் தவிர யார் இருக்கிறார்கள்?

இன்னொன்று. ரிப்போர்ட் எழுதுகிறவரே வழிகாட்டியாக இருக்கக்கூடாது. நாளைக்கு என்னைப் பற்றிக் குறிப்பு எழுதப்போகிறவரிடம் போய் 'பல்லி' கதையை நான் எப்படிச் சொல்வேன்? இங்கிலாந்தில் இந்த இரண்டு வேலையையும் வேறு வேறு ஆள் பார்க்கவேண்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள். 2021 முதல் அங்கே புது ஆசிரியருக்கு முதல் வருஷம் 10 சதவீதம், இரண்டாம் வருஷம் 5 சதவீதம் பாடவேளையும் குறைகிறது. இங்கே யாரும் எடுக்க விரும்பாத வகுப்பைத்தான் புதிதாக வந்தவர் தலையில் கட்டுகிறோம்.

"எங்க காலத்தில் யார் சொல்லிக்கொடுத்தா?" என்று உடனே ஒருவர் வருவார். தாக்குப்பிடித்தவர்கள் பேசுகிறீர்கள் ஐயா. என்னோடு சேர்ந்தவர்களில் இரண்டு பேர் எபேனில் கால் சென்டருக்குப் போய்விட்டார்கள். அவர்களையும் கேட்டுப் பாருங்கள்.

ஹெட் டீச்சர்கள் பாடு இதைவிட மோசம். என் தோழி ஒருத்தி டெபுடியாக இருந்து பதவி உயர்ந்து போனாள். முதல் நாள் மேஜை மேல் ஒரு சாவிக்கொத்து, 27 சாவி, ஒன்றிலும் சீட்டு இல்லை. முன்பிருந்தவர் மாற்றலாகிப் போயாயிற்று. மூன்றாவது வாரம் மத்தியானம் வானம் இருட்டியது. பிள்ளைகளை இப்போதே அனுப்புவதா, வேன் வரும்வரை வைத்திருப்பதா? 2024இல் பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருவில் கார்கள் மிதந்ததைப் பார்த்த பெற்றோர்கள் கேட்டில் கத்துகிறார்கள். மேலிடத்தைக் கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்பார்கள் என்று பயம். நேற்றுவரை கூடச் சாப்பிட்ட டீச்சர்களோ, அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். கடைசியில் ஓய்வுபெற்ற ஒரு பழைய ஹெட் டீச்சருக்குப் போன் போட்டாள். "ஒரு பிள்ளையையும் தனியா விடாதே. யார் கூட்டிட்டுப் போறாங்களோ அவங்க பேரை எழுதி, கையெழுத்து வாங்கிட்டு அனுப்பு." பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது. அந்த நம்பர் அவளிடம் இருந்தது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பியா பள்ளிக்கூடம் நடத்துவது?

ஓய்வுபெற்றவர்கள் இந்தத் தீவு முழுக்க இருக்கிறார்கள். பேருக்கு ஒரு பாராட்டு விழா, ஒரு சால்வை, அத்தோடு மறந்துவிடுகிறோம். மாவட்டத்துக்கு இரண்டு பேரையாவது, போக்குவரத்துச் செலவு கொடுத்து, புதிதாக வருபவர்களோடு இணைத்துவிட்டால் என்ன குறைந்துவிடும்?

அந்தப் பெண்ணுக்கு அன்றிரவே பதில் அனுப்பினேன். "நாளைக்கு 'மாமா' பக்கத்தில் ஒரு பெரிய மீசை போட்டு, 'தொன்தொன்'னு ஒரு தடவை கிரியோல்லயே சொல்லிடு. வெட்கப்படாதே." கிரியோலில் மாமாவுக்கு 'தொன்தொன்'.

வெள்ளிக்கிழமை படம் வந்தது. 11 தாளிலும் மீசை. ஒன்றில் மட்டும் மீசையோடு சேலையும்.