பிரெம் கிராமத்துக் கல்சுவர்கள்
ஜெர்மனியின் மோசெல் ஆற்றங்கரையில் உள்ள பிரெம் கிராமத்தில் திராட்சைத் தோட்டங்கள் தரிசாகி வருவதாக ஒரு கட்டுரையில் படித்தேன். ஒருவர் கைவிட்டால் பக்கத்துத் தோட்டக்காரருக்கு என்ன ஆகும் என்பதையும் அது சொல்லியிருக்க வேண்டும்.

இந்தத் தோட்டங்கள் உள்ள கல்மோன்ட் மலைச்சரிவு சில இடங்களில் 65 பாகை வரை செங்குத்து. டிராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்ந்து செல்லும் சிறு வண்டிதான் ஆளையும் பழத்தையும் சுமக்கிறது. மண்ணைப் பிடித்து நிறுத்துபவை சிலேட்டுக் கல்சுவர்கள். சாந்து இல்லாமல், மலைப் பக்கம் சற்றே சாய்த்து, பின்னால் சில்லுக்கல் நிரப்பிக் கட்டுவார்கள். மழைநீர் இடுக்குகள் வழியே வடிந்துவிடும். சிமெண்ட் பூசினால் நீர் பின்னால் தேங்கி, சுவர் வயிறு தள்ளிச் சரியும். இந்தத் தவறைத் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம்.

கைவிட்ட நிலத்தில் புதர்களின் வேர் கற்களைப் பிரிக்கும். கவாத்தும் மருந்தும் இல்லாத கொடிகளில் சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் பெருகி அடுத்த வரிசைக்குத் தாவும். விட்டுப் போகிறவர்கள் கொடிகளை வேரோடு பிடுங்கிவிட்டாவது போகட்டும்.

சிறு விவசாயிக்குக் கைகொடுப்பது ‘ஸ்ட்ராஸ்விர்ட்ஷாஃப்ட்’. வாசலில் பச்சைக் கிளைக்கொத்தைத் தொங்கவிட்டு, சொந்த ஒயினையும் எளிய உணவையும் வீட்டிலேயே விற்கலாம். ஆண்டுக்கு 4 மாதம், 40 இருக்கைகள், அவ்வளவுதான் வரம்பு.