பலிகடாவும் போக்காடும்

பாலம் இடிந்து விழுந்தாலும் கணக்கில் பணம் குறைந்தாலும், கடைசியில் நடவடிக்கைக்கு உள்ளாகும் கீழ்நிலை ஊழியரை நாம் 'பலிகடா' என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல் அவருடைய நிலையைப் பாதிதான் சொல்கிறது என்பது என் கருத்து.

கோயிலில் வெட்டப்படும் கடாவின் மீது யாரும் குற்றம் சாட்டுவதில்லை. நேர்ந்துவிட்டு வளர்த்து, மாலை சூட்டி, மஞ்சள்நீர் தெளித்து, அது உடலைச் சிலிர்த்து உதறும்வரை காத்திருக்கிறார்கள். அந்த உதறலைச் சம்மதமாக எடுத்துக்கொண்ட பிறகே அரிவாள் இறங்குகிறது. (தண்ணீர் பட்டால் எந்த ஆடும் உதறத்தான் செய்யும். வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் விசாரணைத் தாளில் போடப்படும் கையொப்பத்தை ஒப்புதல் வாக்குமூலமாகக் கொள்வதும் இதே வகைதான்.) ஆனாலும் அந்தக் கடா இழப்பது உயிரை மட்டுமே; அதற்குக் கெட்ட பெயர் வருவதில்லை.

பழி சுமக்கும் ஆடு வேறு. விவிலியத்தின் லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களுக்குச் சீட்டுப் போடுகிறார்கள். ஒன்று பலியாகிறது. மற்றொன்றின் தலையில் தலைமைக் குருவான ஆரோன் இரு கைகளையும் வைத்து, மக்களின் பாவங்களையெல்லாம் அறிக்கையிட்டு அதன்மேல் சுமத்தி, உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுகிறார். விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதற்குப் 'போக்காடு' என்ற சொல்லைத் தந்தது. பொதுவழக்கில் அது நிலைக்காமல் போகவே, இரண்டு ஆடுகளின் சுமையையும் 'பலிகடா' ஒன்றே சுமந்துகொண்டிருக்கிறது.

அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் கோவலனைக் கைகாட்டினான்; கோவலன் வெட்டுண்டான். அவனைப் பலிகடா என்பதில் எனக்குத் தடையில்லை. பிரெஞ்சு ராணுவத்தின் யூத அதிகாரியான டிரைஃபஸின் கதையோ வேறு. ஜெர்மனிக்கு ரகசியம் விற்றதாக 1894இல் தண்டிக்கப்பட்டுத் தீவுச்சிறைக்கு அனுப்பப்பட்டார் அவர்; உண்மைக் குற்றவாளி எஸ்டர்ஹாசி என்பதற்கான சான்று கிடைத்த பின்னும், அந்த எஸ்டர்ஹாசியையே 1898இல் ராணுவ நீதிமன்றம் விடுவித்தது. டிரைஃபஸ்மீதிருந்த களங்கம் 1906இல்தான் முழுமையாக நீங்கியது. உயிரோடு இருந்து பழியைச் சுமந்த அவரைப் போக்காடு என்பதே பொருந்தும்.

'பகடைக்காய்' என்பதையும் இதனோடு குழப்பிக்கொள்கிறார்கள். பகடைக்காய் பிறர் ஆட்டத்துக்காக நகர்த்தப்படுவது; அதன்மேல் பழி விழ வேண்டிய கட்டாயமில்லை. 'கைப்பாவை' இன்னும் தள்ளி நிற்பது, ஏனெனில் பிறர் சொன்னதைச் செய்தவருக்கும் செயலில் பங்கு உண்டு. லஞ்சப் பணத்தில் பங்கு வாங்கிக்கொண்டு, பிடிபட்டதும் "என்னைப் பலிகடா ஆக்கிவிட்டார்கள்" என்று சொல்கிறவரிடம் எனக்கு இரக்கம் வருவதில்லை. தன் பங்குக்கு மேல் அவர்மீது சுமத்தப்பட்டிருக்கலாம், அது அநீதிதான். ஆனால் அதற்காக அவர் குற்றமற்றவர் ஆகிவிடமாட்டார்.

என்னை உறுத்துகிற இன்னொன்று, 'பலிகடா ஆக்கப்பட்டார்' என்ற செய்தி நடை. அந்த வாக்கியத்தில் ஆக்கியவருக்கு இடமே இல்லை. எந்த அதிகாரி கோப்பைத் திருத்தினார், எந்த மேலாளர் பெயரைக் கொடுத்தார் என்பது தெரிந்திருந்தும் அப்படி எழுதுகிறவர், பழிக்கு ஆளானவருக்காகப் பரிந்து பேசிக்கொண்டே பழி சுமத்தியவரைத் தப்பவிடுகிறார்.