பெனடிக்ட் எத்தனை மணிக்கு வருகிறார்?

(வெள்ளவத்தை, தொடர்மாடிக் குசினி. ஞாயிறு, பத்தரை மணி. மகள் இன்னும் நித்திரை.)

மாமி: தம்பி, அது என்னுடைய தேத்தண்ணி வடி.

மருமகன்: ஓம் மாமி, முட்டையை வடிக்கிறேன். தண்ணியாக இருக்கிற வெள்ளைக்கரு போய்விட்டால், சுடுதண்ணிக்குள் விடும்போது நூல் நூலாகப் பிரியாது. புது முட்டை என்றால் வடிக்கத் தேவையில்லை. தண்ணிக்குள் போட்டால் படுத்துக் கிடக்கும். இது எழும்பி நிற்கிறது.

மாமி: வயது போனால் படுக்கை கொள்ளாது. என்னைப் பாருங்கோ, நாலரைக்கே எழும்பி நிற்கிறேன். சரி, யாருக்கு இவ்வளவு முட்டை?

மருமகன்: எக்ஸ் பெனடிக்ட், மாமி.

மாமி: ஐயோ, முதலே சொல்லியிருக்கலாமே! வீடு கூட்டவில்லை. எந்தப் பெனடிக்ட், கொட்டாஞ்சேனைப் பெனடிக்டா?

மருமகன்: ஆள் இல்லை மாமி, சாப்பாடு. வாட்டின பாண், அதற்கு மேல் ஹாம், அதற்கு மேல் ஓடில்லாமல் தண்ணியில் அவித்த முட்டை, அதற்கு மேல் ஹொலண்டேஸ் சோஸ்.

மாமி: பன்றி இந்தக் குசினிக்குள் வராது.

மருமகன்: அதனால்தான் பசளி. கீரை வைத்தால் அது எக்ஸ் புளோரண்டைன்.

மாமி: புளோரன்ஸும் வருகிறாவா? மனிசியாக்கும். மத்தியானம் நிற்பார்களா?

(மாமியின் காதில் ஒரு குறையும் இல்லை. இதை மருமகன் கலியாணமான முதல் கிழமையே கண்டுபிடித்திருக்க வேண்டும்.)

மருமகன்: கொழும்பு ஏழில் போய் இதைச் சாப்பிட்டால், விலைக்கு மேல் 10 வீதம் சேவைக் கட்டணம், பிறகு 18 வீதம் வற். வீட்டில் செய்தால் அது மிச்சம்தானே?

மாமி: வீட்டிலும் சேவை இருக்கிறது தம்பி. கட்டணம்தான் இல்லை.

மருமகன்: உடம்புக்கும் நல்லது மாமி. துளி எண்ணெய் இல்லை. தண்ணி தளதளவென்று கொதிக்கக் கூடாது, சிறுகொதிதான். ஒரு கரண்டி வினாகிரி விட்டால் வெள்ளைக்கரு கெதியாக இறுகும். மூன்று, நான்கு நிமிடம்.

மாமி: நாலு நிமிடச் சமையலுக்கு ஏழு பாத்திரம்.

மருமகன்: ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், ஏறக்குறைய 70 கலோரி. விற்றமின் டி, கோலின் எல்லாம் மஞ்சள் கருவில்தான் இருக்கு.

மாமி: கிழமை நாட்களில் நீங்கள் தொட்டிக்குள் ஊற்றுகிற அதே மஞ்சள் கருவா?

மருமகன்: அது ஜிம் நாள் மாமி. வெள்ளைக்கரு மட்டும்.

மாமி: இன்றைக்கு?

மருமகன்: சோஸுக்கு மஞ்சள் கரு மட்டும்.

மாமி: அப்ப வெள்ளைக்கரு?

மருமகன்: அந்தக் கோப்பையில்...

மாமி: அஞ்சு நாள் மஞ்சள் போகுது, ஞாயிறு வெள்ளை போகுது. இரண்டையும் ஒரே நாளில் சாப்பிட்டால் பொலிஸ் பிடிக்குமா?

(மருமகன் பட்டரை உருக்குகிறார். பதில் சொல்லாமல் இருக்க நல்ல வேலை.)

மாமி: அந்த 200 கிராம் கட்டி நேற்று முழுசாக இருந்தது.

மருமகன்: பாதிதான் மாமி.

மாமி: போன மாதம் சொதிக்கு முதற்பால் விட்டதற்கு எனக்கு என்ன சொன்னீர்கள்?

மருமகன்: நிறைவுற்ற கொழுப்பு என்று...

மாமி: பட்டரில் அது இல்லையோ?

மருமகன்: அதிலும் பாதி அதுதான்.

மாமி: விளங்குது. என்னுடைய தேங்காய்க்கு இங்கிலிஷ் தெரியாது, அதுதான் குற்றம்.

மருமகன்: ஐயோ மாமி, சோஸ் திரிந்துவிட்டது!

மாமி: திரியாமல்? இவ்வளவு சூடு. அடுப்பை நிற்பாட்டுங்கோ. வேறு கோப்பையில் ஒரு மஞ்சள் கரு, ஒரு சொட்டுத் தண்ணி விட்டு அடியுங்கோ. இப்ப இதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கோ. ஊற்றச் சொன்னேன், கவிழ்க்கச் சொல்லவில்லை.

மருமகன்: சேருது! மாமிக்கு இது எப்படித் தெரியும்?

மாமி: எண்ணெயையும் தண்ணியையும் சேர்த்துப் பிடிக்கிறது மஞ்சள் கருதானே. இந்த வீட்டில் மயோனீஸ் அடித்தது யார் என்று நினைத்தீர்கள்? சரி, அந்தப் பெனடிக்ட் யாராம்?

மருமகன்: 1894இல் நியூயோர்க், வோல்டோர்ஃப் ஹோட்டலில் லெமுவல் பெனடிக்ட் என்று ஒருவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாக ஒரு கதை. டெல்மோனிக்கோஸ் என்ற உணவகம் இது தங்களுடையது என்று சொல்லும்.

மாமி: காலமை எழும்பி இவ்வளவு பட்டர் கேட்டாரா? ஏன், ஆளுக்கு என்ன வருத்தம்?

மருமகன்: முதல்நாள் இரவு கொஞ்சம் கூடிப்போச்சாம். வெறி முறிய...

மாமி: குடித்தவர் வெறி முறியச் சாப்பிட்டதை, குடிக்காத ஆள் உடம்புக்கு நல்லது என்று சாப்பிடுகிறீர்கள்.

(ஒருவழியாகத் தட்டு நிறைகிறது. கத்தி பட்டதும் மஞ்சள் கரு பசளியில் வழிந்து பாணுக்குள் இறங்குகிறது. நல்லாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். மருமகன் முதலில் போனை எடுக்கிறார்.)

மாமி: சாப்பிடுங்கோ, ஆறுது.

மருமகன்: பதிந்துவிட்டுச் சாப்பிடுகிறேன். முட்டை 2, கலோரி 140. பாண், பசளி. முடிந்தது.

மாமி: பட்டர்?

மருமகன்: அது சோஸுக்குள் மாமி.

மாமி: சோஸ் யாருடைய வயிற்றுக்குள்? 100 கிராம் பட்டர் என்று போட்டுப் பாருங்கோ.

மருமகன்: (மெதுவாக) 717.

மாமி: சத்தமாகச் சொல்லுங்கோ, பிள்ளையும் எழும்பட்டும்.

மருமகன்: பின்னேரம் ஜிம்முக்குப் போய் எரித்துவிடுவேன் மாமி.

மாமி: போகும்போது இந்த ஏழு பாத்திரத்தையும் கூட்டிக்கொண்டு போங்கோ.