சித்தப்பாவின் மாத்திரையை நிறுத்திய பவுடர்

என் சித்தப்பா கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறார். வயது 63. இரண்டு வருடத்துக்கு முன்பு இருதயக் குழாய் அடைப்பை விரித்து வைக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். போன மாதம் அவர் வீட்டுக்குப் போனபோது அலமாரியில் கொலஸ்ட்ரால் மாத்திரை அட்டைகள் பிரிக்காமலேயே கிடந்தன. மேசை மேல் ஒரு நார்ச்சத்து பவுடர் டப்பா. மாதம் 180 வெள்ளி.

"கோயில்ல பழக்கமானவர் கொடுத்தார்மா. இருதயக் குழாயைச் சுத்தம் பண்ணிடுமாம். இனிமே மாத்திரை வேண்டாம்னார்."

நான்கு மாதமாக மாத்திரை போடவில்லை. கெட்ட கொலஸ்ட்ரால் (mmol/L கணக்கில்) 1.6லிருந்து 3.5க்கு ஏறியிருந்தது. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

பவுடரே பொய் என்று சொல்ல மாட்டேன். அந்த டப்பாவில் முக்கியமாக இருப்பது இசப்பகோல் உமி. மஸ்ஜித் இந்தியா பக்கம் நாட்டு மருந்துக் கடையில் மிகக் குறைந்த விலைக்கு அதே உமி கிடைக்கும். தண்ணீரில் போட்டால் கொழகொழவென்று ஆகிறதே, அந்தக் கொழகொழப்புதான் வேலை செய்கிறது. குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றும். கல்லீரல் புதிதாகப் பித்தம் சுரக்க ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்ளும். அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகமே 1998ல், தினம் 7 கிராம் கரையும் நார் இந்த உமியிலிருந்து கிடைத்தால் இருதய நோய் ஆபத்து குறையலாம் என்று டப்பாவில் போட அனுமதி கொடுத்தது.

சரி, கெட்ட கொலஸ்ட்ரால் எவ்வளவு இறங்கும்? நூற்றுக்கு 5 முதல் 10 வரை. சித்தப்பா நிறுத்திய மாதிரியான ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையோ அளவைப் பொறுத்து 30லிருந்து 50க்கும் மேல் இறக்கும். அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி கட்டினால் கிடைக்கிற மாத்திரை அது! அப்புறம், குழாயைச் சுத்தம் பண்ணுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. நார் ரத்தத்துக்குள் போவதே இல்லை, குடலோடு வெளியேறிவிடும்.

நார் அதிகம் சாப்பிடுபவர்களுக்கு இருதய நோய் குறைவு என்பது உண்மை. 2019ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்வு தினம் 25 முதல் 29 கிராம் என்று கணக்குச் சொன்னது. ஆனால் அது பார்த்தது முழுத்தானியம், பயறு, காய், பழம் சாப்பிட்டவர்களை. டப்பா பவுடரை அல்ல. பவுடர் குடித்தவர்களுக்கு மாரடைப்பு குறைந்தது என்று காட்டிய பெரிய சோதனை இல்லை. விற்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். நம் வீட்டுப் பெரியவர்கள் படித்துச் சரிபார்க்க மாட்டார்கள், தெரிந்தவர் சொன்னால் நம்புவார்கள்.

குடிப்பதாக இருந்தால் ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரோடு குடியுங்கள், இல்லாவிட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மற்ற மருந்துகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சில மருந்துகள் உடம்பில் சேர்வதை இது தடுக்கும்.

சித்தப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போனேன், டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு. மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டார். சித்தி இப்போது பசியாறலுக்கு ரொட்டி சானாய் வாங்குவதில்லை. கொண்டைக்கடலை ஊற வைக்கிறார்.

பவுடர் கொடுத்தவரிடமும் பேசினேன். சண்டை போடத்தான் போனேன். பார்த்தால் அவரும் தன் பிரஷர் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். திங்கட்கிழமை அவரையும் கிளினிக்குக் கூட்டிப் போகிறேன்.