குழியை மூடியாச்சாம், புகார் முடிஞ்சுதாம்!

"உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது. எந்தப் புகார் ஐயா தீர்ந்தது? குழியை மூடுங்கள் என்று நான் எழுதவே இல்லை. அந்தக் குழியில் இறங்கி என் கார் நாசமானதற்குப் பணம் கேட்டு எழுதினேன். ஒர்க்‌ஷாப் பில், புகைப்படம், தேதி, நேரம் எல்லாம் வைத்துத்தான் மனு கொடுத்தேன். அவர்கள் என்ன செய்தார்கள்? ஒரு லாரி ஜல்லியைக் கொட்டி குழியை நிரப்பிவிட்டு என் மனுவையும் சேர்த்து மூடிவிட்டார்கள்.

நடந்தது வேளச்சேரியில் ஒரு உள் தெருவில். குழாய் போடத் தோண்டியிருந்தார்கள். போட்டு முடித்ததும் எடுத்த மண்ணையே உள்ளே தள்ளி மேலாக மட்டம் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள், மேலே தார் கிடையாது. ஐப்பசி மழை ரெண்டு நாள் அடித்ததும் மண் கீழே இறங்கி, மேலே தண்ணீர் நின்றுவிட்டது. பார்த்தால் ரோட்டில் சாதாரணமாகத் தேங்கிய தண்ணீர் மாதிரிதான் தெரியும். தடுப்பு இல்லை, சிவப்பு நாடா இல்லை, தெருவிளக்கு வேறு எரியவில்லை. இடது முன் சக்கரம் அப்படியே உள்ளே போய்விட்டது. டயர் கிழிந்தது, ரிம் வளைந்தது, சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் காலி, அடியில் ஆயில் சேம்பர் இடித்து ஆயில் முழுக்க ரோட்டில். முப்பதாயிரத்துக்கு மேல் பில். இதே இடத்தில் பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு யாராவது ஸ்கூட்டரில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் இன்னும் வயிறு எரிகிறது.

சரி, பணம் யாரிடம் கேட்பது? அங்கேதான் கூத்து ஆரம்பம். உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போனால், "ரோடு எங்களுதுதான் சார், ஆனா கட் பண்ணினது நாங்க இல்ல, குழாய் போட்டவங்க" என்றார்கள். குழாய் போட்டவர்களிடம் போனால், "வேலைய கான்ட்ராக்டருக்கு விட்டாச்சு, ரோட்டைத் திரும்பப் போடறதுக்குப் பணமும் உள்ளாட்சிக்கே கட்டியாச்சு, தார் போட வேண்டியது அவங்கதான்" என்றார்கள். கான்ட்ராக்டர் போனையே எடுக்கவில்லை. ஏஇயை, அதாவது உதவிப் பொறியாளரைப் பார்க்கச் சொன்னார்கள், அவர் சைட்டுக்குப் போயிருக்கிறார். எந்த சைட் என்று யாருக்கும் தெரியாது. மனுவை வாங்கிய அம்மா பாவம், நல்ல மாதிரிதான் பேசினார். ஆனால் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது இழப்பீடு என்று ஒரு வகையே இல்லை, 'சாலைப் பள்ளம்' என்றுதான் போட முடியும் என்று சொல்லி அப்படியே போட்டுவிட்டார். அந்த நொடியே என் முப்பதாயிரம் வெறும் பள்ளமாக மாறிவிட்டது. பள்ளத்தை மூடினால் புகார் முடிந்தது, அவ்வளவுதான்.

வாங்குவதற்கு மட்டும் எத்தனை வகை வைத்திருக்கிறார்கள் பாருங்கள். 2023 நவம்பரில் சாலை வரியை ஏற்றினார்கள், 10 லட்சத்துக்குக் கீழே உள்ள காருக்கு 13 சதவீதம் வரை. நான் வாங்கினது அதற்கப்புறம்தான். வண்டி ஷோரூமை விட்டு வெளியே வரும் முன்னேயே வாழ்நாள் முழுக்க ரோட்டில் ஓட்டுவதற்கான வரியை மொத்தமாகக் கட்டியாச்சு. சொத்து வரி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தனியாகப் போகிறது, தள்ளிப்போனால் வட்டி. அந்த வட்டியைக் கணக்குப் போட ஆளும் இருக்கிறது, கம்ப்யூட்டரில் இடமும் இருக்கிறது.

"இன்சூரன்ஸ்ல க்ளெய்ம் பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே" என்று கேட்கிறவர்களுக்கு: சாதாரண பாலிசியில் டயர் மட்டும் போயிருந்தால் ஒரு பைசா கிடைக்காது, வண்டியும் சேர்ந்து அடிபட்டால்தான் டயருக்குத் தருவார்கள், அதிலும் பாதி தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். க்ளெய்ம் போட்டால் இரண்டு வருஷமாகச் சேர்த்த 25 சதவீத நோ க்ளெய்ம் போனஸும் (க்ளெய்ம் கேட்காமல் இருந்ததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போச்சு. தோண்டினது அவர்கள், போனஸை இழப்பது நானா?

சட்டம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் 198ஏ என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். ரோட்டை விதிப்படி போடாத, பராமரிக்காத அதிகார அமைப்புக்கும் கான்ட்ராக்டருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அடடா என்று முழுசாகப் படித்தால், அதனால் யாராவது செத்திருக்க வேண்டும், இல்லை ஊனமாகியிருக்க வேண்டும். அபராதமும் அடிபட்டவர் கைக்கு வராது, ஒரு நிதிக்குப் போகும். 2025 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம் குழியில் விழுந்து இறந்தால் குடும்பத்துக்கு 6 லட்சம், காயம் பட்டால் 50 ஆயிரம் முதல் இரண்டரை லட்சம் வரை தரவேண்டும் என்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவு, ஆனால் அது அந்த மாநிலத்துக்கு, அதுவும் உயிருக்கும் உடம்புக்கும்தான். நான் முழுசாக வீட்டுக்கு வந்து சேர்ந்ததுதான் என் கேஸில் இருக்கும் குறை போலிருக்கிறது.

எல்லாவற்றையும் விட எரிச்சல் இந்தக் குழியை மூடின வேகம்தான். மாதக்கணக்கில் தெருக்காரர்கள் கத்தியும் யாரும் எட்டிப் பார்க்காத இடம், பணம் கேட்டு ஒரு மனு போனதும் குழியை மூடிவிட்டார்கள். அது வேலை இல்லை சாமி, சாட்சியை அழிக்கிறது. ஆழம் எவ்வளவு, தடுப்பு இருந்ததா என்று இனிமேல் யார் வந்து பார்ப்பது? நல்லவேளை, ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை இழுத்துப் போவதற்கு முன் பக்கத்து வீட்டுத் தம்பி ஓடிவந்து, ஒரு கட்டையை உள்ளே விட்டு ஆழம் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து வைத்தான். எதிர்வீட்டு சிசிடிவி பதிவும் இருக்கிறது. உங்களுக்கு இப்படி ஆனால் முதலில் இதைச் செய்யுங்கள், மனுவெல்லாம் அப்புறம்.

இப்போது பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமை மனு போட்டிருக்கிறேன். அந்தத் தெருவில் ரோட்டைத் தோண்ட அனுமதி யாருக்கு, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள், திரும்பப் போடுவதற்கு எவ்வளவு வாங்கினீர்கள், வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டது யார். முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டும். எங்களுது இல்லை என்று இதிலும் கையை விரிக்க முடியாது, வேறு துறையிடம் இருக்கும் தகவல் என்றால் ஐந்து நாளுக்குள் அவர்களே அங்கே அனுப்பியாக வேண்டும், தகவல் உரிமைச் சட்டத்தின் 6(3) பிரிவு அதைத்தான் சொல்கிறது. பதில் வந்ததும் பேர் பேராக வக்கீல் நோட்டீஸ். அரசுத் துறை என்றால் நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் பொறுத்த பிறகுதான் கேஸ் போட முடியுமாம். பொறுக்கிறேன். பில்லைத் தாண்டிச் செலவானாலும் பரவாயில்லை, இந்தத் தடவை விடுவதாக இல்லை.