பாதி எரிபொருள் மிச்சமாகாது
கப்பலின் அடியில் காற்றுக் குமிழிகளைச் செலுத்தி எரிபொருளை மிச்சப்படுத்தும் அமைப்பைப் பற்றி, "குமிழிகள் கப்பலைத் தூக்கிவிடும், எரிபொருள் பாதியாகும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். காற்று தூக்கிப் பிடிப்பது ஹோவர்கிராஃப்டை (காற்று மெத்தையின் மேல் செல்லும் ஊர்தி), இது வேறு. இங்கே தட்டையான அடிப்பகுதியை ஒட்டிக் காற்றுக் குமிழிகள் பரவி, நீரின் உராய்வை மட்டும் குறைக்கின்றன. அலை எழுப்புவதில் வீணாகும் ஆற்றல் அப்படியே இருக்கும். காற்றும் இலவசமல்ல: 10 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுதலாக எதிர்த்து நிற்கும், அதை மீறிக் காற்றைத் தள்ளும் இயந்திரமும் எரிபொருளைத்தான் தின்னும். மிச்சத்திலிருந்து அதைக் கழிக்க வேண்டும்; விளம்பரங்களில் இந்தக் கழித்தல் பல நேரம் காணாமல் போகிறது!

2010இல் மிட்சுபிஷி இந்த அமைப்பைப் பொருத்திய ஜப்பானின் 'யமடாய்' அகன்ற, ஆழம் குறைந்த சரக்குக் கப்பல். இதற்கென்றே அமைந்தது போன்ற உடல்வாகு. அதிலேயே எதிர்பார்த்த மிச்சம் சுமார் 10 சதவீதம்தான். குறுகலான, ஆழமான கப்பலில் இதைவிடக் குறையும்.